ஹேடிஸ், பெர்செஃபொனி கதையைக் காதல் நாவலாக எழுதுவது எப்படி?

கிரேக்கப் புராணத்தை வைத்து ஃபேன்டசி ரொமான்ஸ் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது இந்தக் கதையில்தான். கீழுலகின் அரசன் ஹேடிஸ், பூப்பறிக்கும் பெண் பெர்செஃபொனி, ஒரு மாதுளம்பழம். காதல் கதைக்கு வேண்டியதெல்லாம் தயாராகக் கிடப்பதுபோலத் தோன்றும். ஆனால் பழைய பாட்டில் காதல் கிடையாது. அதில் இருப்பது ஒரு கடத்தல், அதற்குப் பெண்ணின் அப்பனும் தேவர்களின் அரசனுமான ஜீயஸ் கொடுத்த சம்மதம், அதை எதிர்த்து அவள் தாய், தானிய தேவி டிமீட்டர் நடத்திய போராட்டம். காதலை நீங்கள்தான் கட்ட வேண்டும். எதை அசைக்கக் கூடாது, எங்கே இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கட்டினால் நாவல் நிற்கும்.

முதல் வேலை: மூலத்தைப் படிப்பது

இந்தக் கதையை முழுமையாகச் சொல்லும் மிகப் பழைய நூல் டிமீட்டருக்கான ஹோமரியத் துதி. கி.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மொத்தம் 495 வரி. ஒரே மாலையில் படித்துவிடலாம். 1777இல் மாஸ்கோவில் கண்டெடுத்த ஒரே ஒரு சுவடியால்தான் இது நமக்குக் கிடைத்தது. அந்தச் சுவடி இப்போது நெதர்லாந்தின் லைடன் நகரில் இருக்கிறது. ஈவ்லின் ஒயிட் 1914இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குப் பிறகு ரோமானியக் கவி ஓவிட் எழுதியதைப் படியுங்கள்: ‘மெட்டமார்ஃபசிஸ்’ 5ஆம் காண்டம், ‘ஃபாஸ்தி’ 4ஆம் காண்டம்.

இந்த மூன்றும் ஒத்துப்போகாது. உங்களுக்கு வேண்டியதும் அதுதான். துதியில் பூமித்தாய் கையா நார்சிசஸ் பூவைப் பொறியாக முளைக்க வைக்கிறாள், ஜீயஸின் விருப்பப்படி. ஓவிடிடம் காதல் தேவி வீனஸின் ஏவலில் மன்மதன் அம்பு விடுகிறான். துதியில் சம்பவம் நடப்பது நைசா என்ற சமவெளியில்; ஓவிடிடம் சிசிலித் தீவின் என்னா நகருக்கருகே, பெர்கஸ் ஏரிக்கரையில். துதியில் அவள் உண்பது ஒரே ஒரு மாதுளை விதை, கீழே இருக்க வேண்டியது ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. ‘மெட்டமார்ஃபசிஸ்’ 7 விதை என்கிறது, ஆண்டையும் சரிபாதியாகப் பிரிக்கிறது. ‘ஃபாஸ்தி’யில் விதை மூன்று. ஆறு விதைக்கு ஆறு மாதம் என்று பலரும் சொல்லும் கணக்கு இந்த மூன்றிலும் இல்லை.

ஒரு நோட்டில் மூன்று நெடுவரிசை போட்டு, சம்பவம், அதைச் சொல்வது யார், முரண்பாடு என்று எழுதிக்கொண்டே போங்கள். மூன்றாவது வரிசையில் சேர்வதுதான் உங்கள் முதலீடு.

அதில் மிகப் பெரிய புதையல் விதை விஷயத்தில் இருக்கிறது. துதியில் அந்தக் காட்சி இரண்டு முறை வருகிறது. கவி சொல்லும்போது, ஹேடிஸ் யாரும் பார்க்காமல் விதையைக் கொடுத்தான் என்கிறார். அவளே அம்மாவிடம் சொல்லும்போது, தனக்கு விருப்பமில்லாதபோது வற்புறுத்தித் தின்ன வைத்தான் என்கிறாள். இரண்டும் ஒன்றல்ல. அம்மாவிடம் ஒரு மகள் முழு உண்மையையும் சொன்னாளா? 2,600 ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கும் இந்த இடைவெளிக்குள் ஒரு நாவலே நுழையலாம்.

இன்னொரு இடைவெளியும் உண்டு. தங்கத் தேரில் தூக்கிப்போகப்படுவது துதியின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அடுத்து அவளைப் பார்ப்பது தேவர்களின் தூதன் ஹெர்மீஸ் அழைக்க வரும்போது, சுமார் 300 வரி தள்ளி. நடுவில் டிமீட்டர் 9 நாள் தீப்பந்தத்தோடு அலைகிறாள், கிழவி வேடத்தில் எலியூசிஸ் ஊருக்குப் போகிறாள், அங்கே ஒரு குழந்தையை வளர்க்கிறாள், பிறகு அவள் உண்டாக்கும் ஓராண்டு பஞ்சம். அப்படியானால் பெர்செஃபொனி ஓராண்டுக்கும் மேலாகக் கீழே இருந்திருக்கிறாள், அங்கே என்ன நடந்தது என்று பாட்டு ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மெதுவாக வளரும் காதலுக்கு இதைவிட நல்ல காலி இடம் எந்தப் புராணத்திலும் கிடைக்காது.

அசைக்கக் கூடாத ஐந்து

பூ, தேர், பஞ்சம், விதை, ஆண்டைப் பங்கிடுவது. இந்த ஐந்தும் வாசகர் எதிர்பார்த்து வரும் ஆணிகள். தேரைக் காராகவோ ரயிலாகவோ மாற்றலாம். பஞ்சத்தை ஒரு நகரத்தின் மின்தடையாக்கலாம். ஆனால் ஒன்றைக் கழற்றினால் மற்றவை ஆடும். அதிகம் கழற்றப்படுவது பஞ்சம்தான், காதலர்களுக்கு அது இடைஞ்சல் என்று நினைத்து. பஞ்சம் இல்லாவிட்டால் ஜீயஸ் ஹெர்மீஸை அனுப்பக் காரணமே இல்லை. ஹெர்மீஸ் வராவிட்டால் அவசரமாக விதை கொடுக்க வேண்டியதும் இல்லை. பின்பாதி முழுக்க ஓடுவது அந்த ஒரு இயந்திரத்தால்.

காரணங்களை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள். சம்பவம் அதே, ஏன் நடந்தது என்பது புதிது. மறுகூறலின் தொழில் அவ்வளவுதான்.

அவள் முடிவெடுப்பது எந்த இடத்தில்?

முதல் அத்தியாயம் எழுதுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது இது. மூன்று இடங்கள் இருக்கின்றன.

பூவின் அருகிலேயே அவள் தானாக இறங்கிப் போகிறாள் என்று வைக்கலாம். இக்காலத்து வாசகருக்குப் பிடித்த வடிவம். ஆனால் கைக்குக் கிடைத்திருக்கும் பழைய நூல்களில் அப்படி இல்லை என்பது தெரிந்தே செய்யுங்கள். இதில் ஒரு தொழில் சிக்கலும் உண்டு: விருப்பத்தோடு வந்தவளுக்கும் வரவேற்பவனுக்கும் நடுவே மோதல் என்ன? வெளியிலிருந்து ஒரு வில்லனைக் கொண்டுவர வேண்டியிருக்கும். பெரும்பாலும் அந்த வில்லன் அம்மாவாகிவிடுகிறாள்.

சிம்மாசனத்தில் முடிவெடுப்பது இரண்டாவது. துதியில் விடைகொடுக்கும்போது ஹேடிஸ் ஏறக்குறைய 10 வரி பேசுகிறான்: நான் உனக்குத் தகாத கணவன் அல்ல, இங்கே இருக்கும்போது உயிருள்ள எல்லாவற்றையும் நீ ஆள்வாய், தேவர்களிடையே பெரும் மரியாதை உனக்கு. அதிகாரத்தின் மேல் ஆசைப்படும் நாயகி எழுத விரும்பினால் இதுதான் வாசல். அவள் பின்னாளில் வெறும் மனைவியாக இருக்கவும் இல்லை. ‘இலியட்’ அவளை அச்சத்துக்குரியவள் என்கிறது. ‘ஒடிசி’யில், இறந்த பிறகும் தீர்க்கதரிசி டைரீசியஸுக்கு மட்டும் அறிவைக் கொடுத்தவள் அவள். தெற்கு இத்தாலியில் கல்லறைகளில் கிடைத்த மெல்லிய பொன்னேடுகளில் இறந்தவர்கள் நேராக அவளிடம்தான் முறையிடுகிறார்கள்.

மூன்றாவது, விதை. எங்கள் பரிந்துரை இது. கடத்தலைக் கடத்தலாகவே விடுங்கள். அவள் கோபத்தை முழுதாக எழுதுங்கள். அவன் அதற்கு விலை கொடுக்கட்டும். திரும்பிப் போக வழி திறந்த பிறகு, விலை என்னவென்று தெரிந்தே அவள் வாயில் போட வேண்டும். அப்படியானால் உணவின் விதி வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்: கீழுலகில் உண்டவர் முழுதாக மேலே திரும்ப முடியாது. இதை 6ஆம் அத்தியாயத்துக்குள், வேறொருவர் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னச் சம்பவத்தில் காட்டிவிடுங்கள். அப்படிச் செய்யாமல் கடைசியில் திடீரென்று விதை வரும்போதுதான் வாசகர் புத்தகத்தை மூடுவார்.

அந்தக் காட்சியில் வசனம் நீளக் கூடாது. “உன்னைப் பார்த்த கணத்திலேயே என் இருண்ட உலகில் ஒளி வந்தது” என்று அவனைப் பேச விட்டால் எல்லாம் போச்சு. இப்படிப் பாருங்கள்:

“எத்தனை?”

“எண்ணித்தான் வைத்தேன்.”

“நான் கேட்டது அதையில்லை. ஒரு விதைக்கு எத்தனை நாள்?”

அவன் சொன்னான். அவள் இரண்டை எடுத்துத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

முடிவு அவளுடையது, கணக்கும் அவளுடையது, அம்மாவுக்கும் பங்கு வைத்திருக்கிறாள். உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் அவள் வயது வந்தவள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே ஐயமில்லாமல் நிறுவுங்கள். தனிப்பொறுப்பாக ஒரு தொழில் கொடுத்தால் எளிது: விதைநெல் போல விதைப் பார்லியைத் தேர்ந்து வைப்பவள், மண் பார்ப்பவள். அந்தத் தொழிலறிவு ஹேடிஸிடம் இல்லாத ஒன்றாக இருந்தால் அவர்களுக்குள் இருக்கும் பலச் சமமின்மையும் குறையும். தமிழ் இணைய நாவல்களில் கடத்திக் கட்டாயத் தாலி கட்டும் ஆன்டி ஹீரோவுக்கு வாசகர் பழகியிருக்கிறார் என்பது உண்மைதான். அந்தப் பழக்கத்தின் மேல் சாயாதீர்கள். அங்கே நாயகனுக்கு ஒரு விபத்து வந்தால் மன்னிப்பு கிடைத்துவிடும். இங்கே உலகமே பட்டினி கிடக்கிறது, கணக்குத் தீர்த்தாக வேண்டும்.

உறவுமுறைச் சிக்கல்

டிமீட்டர், ஹேடிஸ், ஜீயஸ் மூவரும் குரோனஸ், ரியா பெற்ற பிள்ளைகள். பெர்செஃபொனியின் அப்பா ஜீயஸ். அப்படியென்றால் மாப்பிள்ளை அம்மா வழியில் தாய்மாமன், அப்பா வழியில் பெரியப்பா. ஆங்கில நாவல்கள் இதைப் பேசாமல் தாண்டிவிடும். தமிழ் வாசகருக்கு முதல் உறவு பழகியது, இரண்டாவது கேட்கவே கூடாதது. பேசாமல் விட்டாலும் மனக்கணக்குப் போட்டுவிடுவார். சுலபமான தீர்வு, அவர்களை இரத்த உறவாக இல்லாமல் உலகைப் பங்கிட்டுக்கொண்ட அதிகாரங்களாகக் கட்டுவது. ஜீயஸ், பொசைடன், ஹேடிஸ் மூவரும் வானம், கடல், கீழுலகு என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்ட கதை ‘இலியட்’டிலேயே இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம். வேறு என்ன செய்தாலும், ஹெர்மீஸ் வாயில் “பெரியப்பா” என்று மட்டும் வரவைக்காதீர்கள். அந்தக் காட்சி அதோடு நகைச்சுவையாகிவிடும்.

அம்மாவைக் கெட்டவளாக்காதீர்கள்

இந்த வகை நாவல்களில் அதிகம் பார்க்கும் பிழை இது: மூச்சுத் திணற வைக்கும், சந்தேகப்படும், மகளைப் பூட்டி வைக்கும் டிமீட்டர். எழுதச் சுலபம். ஆனால் துதியின் உயிரே அவள்தான். சூரியன் ஹீலியோஸ் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு ஆறுதலும் சொல்கிறான்: மாப்பிள்ளை உன் உடன்பிறந்தவன்தானே, உலகில் மூன்றில் ஒரு பங்கு அவனுடையது, தகாத இடமில்லை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், “நல்ல சம்பந்தம்தானம்மா, ஏன் அழுகிறாய்?” பெண்ணைக் கொடுப்பது அப்பன் உரிமை, தாயைக் கேட்க வேண்டியதில்லை என்ற ஒழுங்குக்கு எதிராகத்தான் அவள் தானியத்தை நிறுத்துகிறாள். அந்தக் கோபத்தின் நியாயம் வாசகருக்குப் புரிந்தால், மகள் கீழே காதலில் விழுவது தானாகவே நெருக்கடியாகிவிடும். இரண்டு பக்கமும் சரி என்னும்போது வில்லன் தேவைப்படாது.

எலியூசிஸ் பகுதியை வெட்டாதீர்கள். மெட்டனைரா வீட்டில் மது கொடுக்க, அவள் மறுத்து, பார்லி மாவும் தண்ணீரும் புதினா வகை மூலிகையும் கலந்த பானம் கேட்கிறாள். அந்த வீட்டுக் குழந்தை டெமோஃபோனை இரவில் நெருப்பில் வைத்து சாகாதவனாக்கப் பார்க்கிறாள். பெற்றவள் பார்த்து அலற, பாதியில் நின்றுபோகிறது. பிள்ளையை இழந்தவள் இன்னொரு பிள்ளையை மரணத்திடமிருந்து பறிக்கப் பார்க்கிறாள் என்று இதைப் படித்தால், உங்களுக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைத்துவிட்டது.

கீழுலகின் சட்டங்கள்

மாய உலகம் என்றால் விதிகள் வேண்டும். அதிகம் வேண்டாம், மூன்று போதும். உணவு விதி ஒன்று. ஸ்டிக்ஸ் ஆற்றின் மேல் சத்தியம் இரண்டாவது: பழங்கிரேக்கக் கவி ஹெசியட் சொல்வதன்படி, அந்தச் சத்தியத்தை மீறும் தேவர் ஓராண்டு மூச்சுப் பேச்சில்லாமல் கிடப்பார், அடுத்த 9 ஆண்டு மற்ற தேவர்களின் விருந்திலும் சபையிலும் இடமில்லை. எதிரி யார் வாயிலாவது இந்தச் சத்தியத்தை வரவைத்தால் கதை இறுகும். மூன்றாவதை நீங்களே உண்டாக்குங்கள்.

ஹேடிஸை எமனாக நினைத்துவிட வேண்டாம். உயிரைப் பறிப்பவன் தானடோஸ், தீர்ப்புச் சொல்கிறவர்கள் மினோஸ், ராடமந்திஸ், ஈயகஸ், படகோட்டுகிறவன் கேரன். ஹேடிஸ் நிர்வாகி, வீட்டுக்காரன். துதி அவனுக்குக் கொடுக்கும் அடைமொழியின் பொருள் ‘பலரை ஏற்பவன்’. உலகத்தார் எல்லோரும் வந்து சேரும் வீட்டுக்கு விரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை. அவன் குணத்தை இந்த ஒரு முரணிலிருந்தே எழுப்பிவிடலாம். ‘நரகம்’, ‘எமலோகம்’ போன்ற சொற்கள் நெருப்பையும் தண்டனையையும் கொண்டுவந்துவிடும். ‘கீழுலகு’ என்றே எழுதுங்கள். சாதாரண நிழல்கள் உலவுவது ஆஸ்ஃபொடல் புல்வெளியில். டார்டரஸ் தனி இடம், வெகு ஆழம்: வானிலிருந்து விழும் பட்டறைக் கல் பூமிக்கு வர 9 நாள், பூமியிலிருந்து அங்கே போக இன்னொரு 9 நாள் என்கிறார் ஹெசியட்.

பனி பெய்யும் குளிர்காலத்தை ஆங்கில நாவல்களிலிருந்து அப்படியே எடுத்துவந்துவிடாதீர்கள். கிரேக்கத்தின் தாழ்நிலங்களில் குளிர்காலம் மழைக்காலம், வயல் பச்சையாக இருக்கும். விதைப்பு அக்டோபர், நவம்பர். அறுவடை மே, ஜூன். காய்ந்து கிடப்பது கோடை. பஞ்சத்தைக் காட்ட பனி தேவையில்லை. விதைத்தது மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது, எருதுகள் வீணாக ஏர் இழுக்கின்றன என்று துதியே காட்டுகிறது.

அத்தியாயக் கணக்கு

30 அத்தியாயம், ஒவ்வொன்றும் 2,500 சொல், மொத்தம் 75,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொள்வதால் ஆங்கிலக் கணக்கை நகலெடுக்கத் தேவையில்லை. முதல் 4 அத்தியாயம் மேலே. 4ஆவதன் முடிவில் தேர். 5 முதல் 12 வரை பகை, தப்பிக்க இரண்டு முயற்சி. முதல் முயற்சி அவள் அறியாமையால் தோற்க வேண்டும், இரண்டாவது அவள் கண்ட ஏதோ ஒன்றுக்காக அவளே நிறுத்த வேண்டும். 15இல் அவள் முதல்முறை ஒரு இறந்தவளின் முறையீட்டைத் தனியாகத் தீர்க்கிறாள், அவன் குறுக்கிடவில்லை. காதல் அங்கேயிருந்து. 6, 10, 14, 18, 22 டிமீட்டரின் அத்தியாயங்கள்.

நடுப்பகுதி தொய்யும். எல்லோருக்கும் தொய்யும். காரணம், கீழே இருவரும் பேசிக்கொண்டே இருக்க, மேலே நடப்பது அவர்களைத் தொடாமலேயே இருப்பது. இதற்கு மருந்து கேரனின் படகுத்துறை. பஞ்சத்தில் இறந்தவர்கள் வந்து இறங்குவது அங்கேதான். 16இல் வரிசை கொஞ்சம் நீளம், 19இல் குழந்தைகள், 20இல் வந்தவர்களில் ஒருவர் வாய்வழியாகக் காரணம் தெரியவருகிறது. தன்னால்தான் இத்தனை பேர் என்று அவள் உணரும் அந்த அத்தியாயத்துக்குப் பிறகு யாருக்கும் சும்மா பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. 23இல் ஹெர்மீஸ், 24இல் விதை, 25, 26இல் தாயும் மகளும். துதியில் இந்தச் சந்திப்பு வரும் ஏடு கிழிந்து சில வரிகள் சேதமாகியிருக்கின்றன; உங்களுக்குக் கை இன்னும் தாராளம். 27இல் பங்கீடு. 30இல் அவள் இரண்டாம் முறை இறங்குகிறாள், தேர் இல்லாமல், நடந்து. காதல் நாவலுக்குத் தேவையான மகிழ்ச்சி முடிவு இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. பங்கீட்டோடு நிறுத்தினால் அது வெறும் பஞ்சாயத்துத் தீர்ப்பு.

மற்ற தேவர்களை வரிசையாக அழைத்துவராதீர்கள். பெண்தேவி ஹெகாட்டி, ஹெர்மீஸ் இருவரே போதும்; இருவரும் துதியிலேயே இருக்கிறார்கள். மின்தா என்ற நீரணங்கைப் பொறாமைக்காரப் பழைய காதலியாகக் கொண்டுவருவது தேய்ந்த தடம்.

மொழியும் திருத்தமும்

ஆங்கிலத்தில் கிடைக்காத ஒரு கருவி தமிழில் இருக்கிறது: நீங்கள், நீ. தொடக்கத்தில் இருவரும் நீங்கள் போட்டே சண்டையிடட்டும். யார் முதலில் ‘நீ’க்கு மாறுகிறார், கோபத்திலா பாசத்திலா, எந்த அத்தியாயத்தில் என்று முன்கூட்டியே குறித்துவையுங்கள். அதன்பிறகு தவறியும் பழைய வடிவம் வரக் கூடாது, அவள் வேண்டுமென்றே விலகும் இடத்தில் தவிர.

பெயர்களுக்கு ஒரு பட்டியல் போட்டு எழுத்துக்கூட்டலை உறுதி செய்யுங்கள். ஓரிடத்தில் பெர்செஃபொனி, இன்னோரிடத்தில் பெர்சிபோன் என்று வருவது தொடர்கதைகளில் சகஜம். கிரேக்கப் பெயரோடு ப்ரோசெர்பினா, செரஸ் போன்ற ரோமானியப் பெயர்களைக் கலக்காதீர்கள். கடைசிச் சுற்றில் ‘புராணத்தில் இப்படித்தான்’ என்று நீங்கள் நம்பி எழுதிய ஒவ்வொரு விவரத்தையும் நோட்டோடு ஒப்பிடுங்கள். பழைய நூல் எதிலும் அது இல்லாவிட்டால், இன்றைய எழுத்தாளர் யாரோ கற்பனை செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். புராணம் பொதுச் சொத்து, அவர் கற்பனை அல்ல. அதை எடுத்துவிட்டு உங்களுடையதை வையுங்கள்.

தொடராக வெளியிடுவதென்றால் குறைந்தது 24ஆம் அத்தியாயம்வரை எழுதி முடித்த பிறகே முதல் பதிவைப் போடுங்கள். விதைக் காட்சியை எழுதியதும் முன் அத்தியாயங்களில் விதியையோ எண்ணிக்கையையோ திருத்த வேண்டிவரும். கடத்தல், பட்டினி மரணம், நெருக்கக் காட்சிகளின் அளவு ஆகியவற்றைக் கதைச் சுருக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.